உறவில்லை என்று எழுதித் தந்தவர்

இங்கிலாந்தில் நான் மூன்று வருஷம் டாக்டராக வேலை பார்த்ததைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை. மழை பெய்தது, பிரசவம் பார்த்தேன், உருளைக்கிழங்கு தின்றேன், திரும்பி வந்தேன். போவதற்கு முன்னால் ஒரே ஒரு காகிதத்துக்காக ராசிபுரத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதினால் எனக்கும் கொஞ்சம் ஆத்திரம் தீரும்.

அறுபதுகளின் தொடக்கம். சென்னையில் படித்து முடித்துவிட்டு ராசிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அது ஊராருடைய கவலை, என்னுடையது இல்லை. என் கவலை வேறு. குழந்தை குறுக்கே கிடந்தால் வயிற்றைத் திறந்து எடுக்க எனக்கு அப்போது சரியாக வராது. தாயை வாடகைக் காரில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பவேண்டும். பலர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேர் மல்லூர் தாண்டுவதற்குள் காரிலேயே இறந்துபோனார்கள். இரண்டாவது பெண் போன அன்றுதான் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டேன். அங்கே பிரசவ ஆஸ்பத்திரிகளில் கையில் கத்தியைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள் என்று என்னோடு படித்த ஒருத்தி எழுதியிருந்தாள்.

வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை தருவதாகப் பதில் போட்டது. ஆனால் வெளிநாட்டில் படித்த டாக்டர் என்றால் அவர்களுக்குச் சந்தேகம். அவர்கள் கணக்கில் நான்தான் வெளிநாடு. பட்டம் வேண்டும், பதிவு வேண்டும், ஹவுஸ் சர்ஜனாக இருந்ததற்குக் காகிதம் வேண்டும், அம்மை குத்திக்கொண்டதற்குச் சான்று வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டாக்டர் எழுதவேண்டும். எல்லாம் இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

அம்மை குத்துகிறவரை முந்தின வாரம்தான் எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன், கத்தியைச் சரியாகச் சுடாமல் குத்துகிறார் என்று. இப்போது அவர் முன்னால் கையை நீட்டவேண்டியதாயிற்று. "அசையாதீங்கம்மா, சீமைக்குப் போறது, நல்லாப் பதியோணுமுல்லீங்க" என்று சொல்லி இரண்டு முறை திருகினார். கை பூசணிக்காய் மாதிரி வீங்கியது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதவேண்டியவர் என்னோடு வேலை பார்த்த பெரிய டாக்டர். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று எழுதுவதற்குள் அவருக்கு நான்கு முறை இளைப்பு வந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்கள். என்னை ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் அறிந்த, ஊரில் மதிப்புள்ள, எனக்கு உறவில்லாத ஒருவர், என் குணத்தைப் பற்றி எழுதி, உறையை ஒட்டித் தரவேண்டும். உறவில்லை என்பதை அவரே கடிதத்தில் சொல்லவேண்டும்.

படித்தபோது இதுதான் சுலபம் என்று நினைத்தேன். அவ்வளவு படித்தும் எனக்குப் புத்தி இல்லை.

முதலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் போனேன். எனக்குப் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவர். அவருடைய மனைவியின் அண்ணன் மனைவி என் அம்மா பிறந்த ஊர்க்காரி. அவ்வளவுதான் சம்பந்தம். இருந்தாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் பங்காளி இல்லாதவர் எல்லோரும் மாமன் மச்சான்தான். மூன்றாவது வகை கிடையாது. உறையை ஒட்டித் தந்தார். விதி விதிதான் என்று பிரிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'உங்கள் மாமாவின் அன்பான கடிதம் கண்டு மகிழ்ந்தோம். உறவில்லாத ஒருவரிடமிருந்து வேறு கடிதம் அனுப்பவும்.'

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன எழுதுனீங்க?"

"ஏன் சாமி, நல்லாத்தானே எழுதுனேன்? என்ற மருமகளை உங்க கையில ஒப்படைக்கிறேன், குளிருல பத்திரமாப் பாத்துக்கங்கன்னு எழுதுனேன்."

"உறவில்லைன்னு எழுதோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பேப்பரை மடித்து வைத்தார். "அதெப்படி அம்மிணி எழுதறது? உன்ற அப்பன் நாளைக்கு எம்மூஞ்சியில முழிப்பானா? ஊட்டுல ஒரு விசேசம்னா எனக்குப் பாக்கு வெப்பானா? கைநாட்டு வெக்கிறவன் வேணும்னா எழுதுவான். நாப்பது வருசம் வாத்தியாரா இருந்தவன் பொய் எழுதலாமா?"

அவர் மேல் முழுத் தப்பும் இல்லை. எங்கள் ஊர்களில் 'நீ எனக்கு ஒறம்பரை இல்லை' என்பது சும்மா சொல்லும் வார்த்தை அல்ல. ஒறம்பரை என்றால் சொந்தம். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமுடியாது, சாவுக்கும் போகமுடியாது. கை கலந்த பிறகு, பஞ்சாயத்தும் தோற்ற பிறகு சொல்வது அது. இங்கிலாந்துக்காரன் அதைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டான்.

சரி, நிஜமாகவே உறவில்லாத ஆளைப் பிடிப்போம் என்று கடைவீதி நெய் வியாபாரியிடம் போனேன். அவர் முஸ்லிம். என் சாதியும் இல்லை, மதமும் இல்லை. எந்த ஊர் வழியாகச் சுற்றிப் போனாலும் உறவு முறை வராது. மார்க்கெட் கமிட்டியில் இருப்பவர், இங்கிலீஷில் டைப் அடித்துக் கையெழுத்துப் போடுவார். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏ புள்ளே, இங்க வா! உன் மருமவ என்ன சொல்றான்னு கேளு!"

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இவளுக்கும் நமக்கும் உறவில்லையாம். நான் எழுதிக் குடுக்கணுமாம். முத்திரையோட."

"யா அல்லா!" என்று அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்தார். "உறவில்லைன்னா போன நோம்புக்கு ரெண்டு கிண்ணம் கஞ்சி எப்படிடி குடிச்சே? என் பொண்ணுக்குப் பிரசவம் பாத்துட்டு, 'அத்தை ஊட்டுல நான் எதுக்கு எடுத்துக்கறது'ன்னு ரூவாயத் திருப்பிக் குடுத்தியே, அது ஆரு?"

"அத்தை, அது வேற..."

"என்ன வேற?" என்றார் வியாபாரி. "உங்கப்பன் என்னை மச்சான்னு கூப்பிடறான். நான் அவனை மாப்ளேன்னு கூப்பிடறேன். முப்பது வருசம். நாங்க என்ன நாடகமா ஆடறோம்? எவன் சொன்னான் உறவில்லைன்னு? அந்த வெள்ளைக்காரன் விலாசத்தைக் குடு. நான் எழுதறேன் அவனுக்கு."

கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எழுதியிருப்பார். கால் படி நெய்யை என் கையில் திணித்து, அழாத குறையாக அனுப்பிவைத்தார்கள். நான் பதிலுக்குக் கத்திவிட்டுத்தான் வந்தேன். நெய்யை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஏர் மெயில் போய்ச் சேரவே ஒரு வாரம். பட்டுத் தறி முதலாளி ஒருவர் என்னைத் தங்கச்சி என்றார். தபால்காரர் பேத்தி என்றார். கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க் ஒருவர் யாருக்கும் உறவில்லாதவர். ஆனால் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னை யாரும் நெருங்கமுடியவில்லை. காய்ச்சலுக்கு வந்தவர்கள் எல்லாம் நான் போட்ட சத்தத்திலேயே வியர்த்துக் குணமானார்கள். கடைசியில் எங்கள் கம்பவுண்டர்தான் பயந்துகொண்டே வாயைத் திறந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்க மேல மனுப் போடுவாருங்களே, அவரைக் கேட்டா என்னங்க?"

"அவர் என் சித்தப்பாய்யா!"

"அவரு அப்படிச் சொல்றதில்லைங்களே."

உண்மைதான். அவர் அப்படிச் சொல்வதில்லை.

என் அப்பாவின் சித்தப்பா மகன் அவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். நான் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தபோது அப்பா கோயிலில் கிடா வெட்டினார். பந்தியில் பரிமாறியவன் சித்தப்பா இலைக்கு ஈரல் வைக்காமல் தாண்டிப் போய்விட்டான். அப்பா சொல்லிவைத்துத்தான் தாண்டினான் என்று சித்தப்பா இலையை மூடி எழுந்தார். எழுந்தவனைக் கூப்பிடமாட்டேன் என்று அப்பா உட்கார்ந்திருந்தார். முடிந்தது. ஒரு கிடாய்க்கு ஒரு ஈரல்தான், அன்று பந்தியில் எண்பது பேர். இதைச் சொல்ல மெடிக்கல் காலேஜுக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் சொன்னால் கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சித்தப்பா பத்திரப்பதிவு ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வேலை மனு எழுதுவது. பஸ் தாமதம் என்று எழுதுவார், கிணற்றுக்கு மூடி இல்லை என்று எழுதுவார். என்னைப் பற்றி மட்டும் மூன்று மனு எழுதியிருந்தார். எல்லாம் நல்ல இங்கிலீஷ். கீழே தன் பெயரும் பழைய பதவியும் வெட்டிய ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவார்.

மறுநாள் நாமக்கல் பஸ் ஏறி அவர் ஊரில் இறங்கினேன். எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எருமையிடம் பேசினார்.

"ஏன்டி, டாக்டரு வந்திருக்குது. உனக்கு ஒண்ணும் கேடில்லையே?"

சின்னம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, "வா சாமி, வா கண்ணு" என்று கையைப் பிடித்தார். நான் சின்னம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "அவருகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டுப் போக வந்தேன்."

"என்ன கடுதாசியாம்?" என்று எருமையைக் கேட்டார் சித்தப்பா.

"எனக்கும் அவருக்கும் உறவில்லைன்னு எழுதோணும்."

தவிட்டில் சுழன்ற கை நின்றது. எட்டொன்பது வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எழுத்துலயா?"

"எழுத்துலதான். இங்கிலாந்துக்குப் போகும்."

"ஸ்டாம்போடவா?"

"ஸ்டாம்பு இருந்தா நல்லது."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எத்தனை காப்பி வேணும்னு கேளு" என்று சத்தம் வந்தது.

மூன்று பக்கம் எழுதினார். ஒட்டித்தான் தரவேண்டும் என்று சொன்னேன். ஆனால் தான் எழுதிய மனுவைச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் அவரால் உறைக்குள் போடமுடியாது. சின்னம்மாவுக்கும் எருமைக்கும் படிப்பது போலப் படித்தார். இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ரத்தத்தாலோ கல்யாணத்தாலோ வேறு எந்த வகையிலோ உறவு கிடையாது, இருப்பதாக யாராவது சொன்னால் அது பொய் என்று தொடங்கினார். இவள் பெரிய கோபக்காரி. பிரசவ வார்டுக்குள் சுருட்டோடு போன என்னை, வயதைப் பார்க்காமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கோழி, முட்டை, தேங்காய் எதைக் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்புகிறாள், அதனால் ஊரில் யாருக்கும் இவளிடம் ஒரு சலுகை கிடைப்பதில்லை. மிராசுதார் வந்தாலும் மாடு மேய்ப்பவள் வந்தாலும் ஒரே வரிசையில் நிற்கவைத்து ஒரே மாதிரி திட்டுகிறாள். எந்நேரமும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள், கோயில் காரியத்துக்குக்கூட வருவதில்லை. ஒரு தாய் செத்துப்போனால் மூன்று நாள் சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறாள், இது அரசாங்கச் செலவில் படித்தவருக்கு அழகல்ல. இப்படிப்பட்டவரை இங்கிலாந்தே வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்று நாள் நான் சோறு தின்னாதது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் எருமையிடம்தான் பதில் சொல்லியிருப்பார்.

நான்கு இடத்தில் ஸ்டாம்பு குத்தினார். உறையின் ஒட்டின் மேலும் ஒன்று.

அந்த உறையோடு பஸ்ஸில் உட்கார்ந்தபோது கொஞ்சம் உறுத்தியது. உறவே இல்லாத நெய்க் கடைக்காரர் உறவென்று சண்டைக்கு வருகிறார். சொந்தச் சித்தப்பா உறவில்லை என்று ஸ்டாம்பு குத்துகிறார். இதை இங்கிலாந்துக்காரனுக்கு விளக்க ஏர் மெயில் காகிதம் போதாது. சித்தப்பா தெரிந்து பொய் எழுதவில்லை, முழுக்க நம்பித்தான் எழுதினார். பொய் என்று தெரிந்தவள் நான்தான். மல்லூர் ரோட்டில் காரில் போன அந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டு தபாலில் போட்டேன்.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் கம்பவுண்டருக்கு வாய் நிற்காது. நாலாம் நாள் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். முகம் செங்கல் மாதிரி இருந்தது.

"உறவில்லைன்னு எழுதிக் குடுத்துட்டானாமே?"

"நான்தான் கேட்டேன்."

"நீ கேட்டா? அவன் எழுதிருவானா? உறவு வேண்டாம்னு சொன்னது நானு! அவன் எப்படி எழுதலாம்?"

"அவருதானே இலையை மூடிட்டு எந்திரிச்சாரு?"

"எந்திரிச்சது அவன். பேச்சை நிறுத்துனது நானு. கிரயப் பத்திரம் மாதிரி ஸ்டாம்பு குத்தறானா ஸ்டாம்பு! இன்னைக்குப் போய்க் கேக்காம உடமாட்டேன்."

பிரசவ வார்டில் ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். என்னால் பின்னால் ஓடமுடியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யார் மண்டை உடைந்திருக்குமோ என்று தையல் ஊசி, நூல், பஞ்சு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன்.

மண்டைகள் இரண்டும் முழுசாக இருந்தன. இரண்டு பேரும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் மத்தியானம் தெரு முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டார்களாம். தொண்டை கட்டிப்போனதும் சின்னம்மா இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாராம். மோர் குடித்த அப்பா அங்கேயே தூங்கியிருக்கிறார். விடிந்ததும் சின்னம்மா ஆட்டுக்கறிக் கடைக்கு ஆள் அனுப்பி முழு ஈரலையும் வாங்கி வறுத்துவிட்டார்.

"நீ தின்னுடா" என்று அப்பா தன் இலையிலிருந்து எடுத்துச் சித்தப்பா இலையில் வைத்தார்.

"நீ தின்னுண்ணா" என்று அவர் திருப்பி வைத்தார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும்!" என்று வார்டில் கத்துவதுபோலக் கத்தினேன். "பதில் இன்னும் வரல! கடுதாசி இன்னும் ஆகாசத்துல பறந்துட்டிருக்குது! அதுக்குள்ள ஒறம்பரை ஆயிட்டீங்களா?"

அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பத்திரப்பதிவில் இருந்தவர். ஸ்டாம்பு குத்திய காகிதத்துக்கு எதிராக நடப்பது அவருக்குக் கொலைக்குற்றம் மாதிரி. முகம் வெளுத்துப்போயிற்று. இலையை மூடப்போனார்.

"அய்யோ, குத்திக் குடுத்துட்டனே! இனி நான் இங்க உக்காரக்கூடாதுண்ணா."

"இருடா. தின்னுட்டுப் பிரிஞ்சுக்கலாம்" என்றார் அப்பா.

தின்றுவிட்டுப் பிரிந்தார்கள். பதில் வரும்வரை இரண்டு பேருக்கும் உறவு கிடையாது என்று நான் உத்தரவு போட்டேன். கேட்டார்கள் என்று சொல்லமுடியாது. நாமக்கல் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, சத்தமாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார். ஒருவர் ஜன்னலைப் பார்த்து "சோளம் எப்படி?" என்பாராம். இன்னொருவர் டிரைவர் முதுகைப் பார்த்து "கதிர் பிடிச்சிருச்சு" என்பாராம்.

கெடு முடிவதற்கு ஒரு நாள் முந்தைய தேதி போட்ட கடிதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 'இவ்வளவு ஒளிவுமறைவில்லாத நற்சான்றை இதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை. எழுதியவர் உங்களுக்கு உறவில்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. புறப்பட்டு வரவும்.'

சேலம் ஜங்ஷனுக்கு என்னை வழியனுப்ப ஒரு லாரி நிறைய ஆள் வந்தது. தலைமையாசிரியர் மாமா குளிரில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் ஏற்காட்டைத் தாண்டிக் குளிர் பார்த்ததில்லை. நெய்க் கடை மாமா ஒரு டின் நெய்யை என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "கப்பல்ல எவனாவது கேட்டா மாமன் குடுத்ததுன்னு சொல்லு" என்றார். தபால்காரர்கூட மாலையோடு வந்திருந்தார்.

சித்தப்பா மட்டும் வரவில்லை என்று நினைத்தேன். அப்பா என் தோளைத் தட்டிக் காட்டினார். பிளாட்பாரத்தின் கோடியில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால், குடையை விரித்துப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"கூப்பிடுங்கப்பா."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். நீ அங்க போய் வேலையில கையெழுத்துப் போடற வரைக்கும் கடுதாசி உசுரோட இருக்குதாம். அவன் வரமாட்டானாம்."

நான் அவரை நோக்கி நடந்தேன். அவர் டிக்கெட் பரிசோதகரிடம், "அந்தப் பொண்ணு ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று பலமாகச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

ரயில் நகர்ந்தபோது ஒரு போர்ட்டர் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு தூக்குப்போசியை என் மடியில் வைத்தான். "ஆரு குடுத்தாங்கன்னு சொல்லக்கூடாதாம்" என்றான். மூடியில் துணி கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து ஸ்டாம்பு குத்தியிருந்தது.

உள்ளே வறுத்த ஈரல். ஜோலார்பேட்டை வருவதற்குள் யாருக்கும் கொடுக்காமல் முழுக்க நானே தின்றேன். உப்புதான் கொஞ்சம் தூக்கல்.